ஒசாகாவில் தும்மிய அரியரத்தினம்

மொன்றியலின் லாசால் பகுதியில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் குடியிருக்கும் அரியரத்தினத்தைத் தேடிப் போனால், தயவுசெய்து பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒருவருக்கும் தெரியாது. "ஜப்பான் வீடு எது?" என்று கேளுங்கள். படிக்கட்டில் விளையாடும் பிள்ளைகள்கூடப் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக் கையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். ஜப்பானில் படித்தவராக்கும், ஜப்பான்காரியைக் கட்டியவராக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். மனுசன் ஜப்பானில் நின்றது மொத்தம் இரண்டு நாள். அந்த இரண்டு நாளையும் ஒருவரும் நம்பாததால்தான் அவருக்கு அந்தப் பட்டம் வந்தது.

நடந்தது இதுதான். எண்பதாம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், அரியரத்தினம் ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை செய்துகொண்டிருந்தார். கூட வேலை செய்தவன் ஊர்க்காரன் அருமைராசா. ஆவணி மாதத்து வெக்கையில் கப்பல் ஒசாகாத் துறைமுகத்தில் இரண்டு நாள் நின்றது. கப்பலின் இரண்டாம் எஞ்சினியர் ஓர் ஆங்கிலேயர். ஒரு பாட்டுக் கச்சேரிக்கென்று ஆசையோடு இரண்டு டிக்கெற் வாங்கி வைத்திருந்தவருக்கு அன்று பார்த்து வயிற்றோட்டம். டிக்கெற் வீணாகக் கூடாதே என்று இவர்கள் இருவரிடமும் நீட்டினார். 'அயன் ஹெரன்' என்று இங்கிலாந்துக்காரரின் றொக் இசைக்குழு ஒன்று. தமிழில் சொன்னால் இரும்புக் கொக்கு. இரும்பும் தெரியாது, கொக்கும் தெரியாது இவர்களுக்கு. "மண்டபத்துக்குள்ளை ஏசி இருக்குமடா" என்றான் அருமைராசா. வெந்துகொண்டிருந்தவர்களுக்கு அது போதாதா? குளித்துத் தலை இழுத்துக்கொண்டு போனார்கள்.

போனது உண்மை. அதை நிரூபிக்கத்தான் மனுசனிடம் ஒன்றுமில்லை. அன்று பகல் ஒசாகாவில் வாங்கிய ரேடியோ கசெற், கொழும்பில் கப்பலிலிருந்து படகுக்கு இறக்கும்போது கைநழுவிக் கடலுக்குள் போயிற்று. ஜப்பானுக்குப் போய் ரேடியோ இல்லாமல் வந்தவன் என்று ஒருத்தன் உண்டா? அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் இதைவிடப் பெரிய எதிர்ச்சாட்சி வேறில்லை. துறைமுக முத்திரைகள் குத்திய கப்பல் புத்தகம் பின்னாளில் வீட்டோடு எரிந்தது. கண்ணால் கண்ட ஒரே சாட்சியான அருமைராசாவும் பத்து வருடத்துக்கு முன் நோர்வேயில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

பிழை அரியரத்தினத்திலும் உண்டு, மறைப்பானேன்? எண்பத்தெட்டில் மொன்றியலுக்கு வந்த புதிதில் அவர் சொன்னது, "கச்சேரிக்குப் போனனான்" என்று மட்டும்தான். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஐந்து வருடம் வேலை செய்தபின், அவர் கதையில் பாடகர் இவரைப் பார்த்துக் கையசைத்தார். பத்தாம் வருடம் மேடையிலிருந்து இறங்கி வந்து கைகொடுத்தார். ஓய்வு பெறும் காலத்தில் அந்தப் பாடகர் தோளில் கைபோட்டு, "மிஸ்டர் அரி, இங்கிலாந்துக்கு வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வர வேணும்" என்று முகவரி எழுதிக் கொடுத்துவிட்டார். உண்மைக்கு இவ்வளவு உப்புப் புளி போட்டால் உண்மையின் ருசி எங்கே தெரியப் போகிறது?

நம்பாதவர்களுக்கெல்லாம் தலைவர் எதிர்வீட்டு நகுலேஸ்வரன். ஒரே ஊர், ஒரே வயது, ஒரே வகுப்பு. ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். "இஞ்சை பாரும் ஐசே," என்பார், "எண்பதாம் ஆண்டு ஊருக்கு வந்த கடிதம் முழுக்க என்ரை கையாலை போனது. ஜப்பான் முத்திரை ஒண்டு நான் காணேல்லை. நீர் திருகோணமலையைத் தாண்டியிருக்க மாட்டீர்." ஜப்பான் என்ற பட்டத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அரியரத்தினம் சாகுமட்டும் மறக்காத குற்றம் அது.

மனைவி ஞானாம்பிகையும் ஜப்பானைப் பெரிதாக நம்பவில்லை. முப்பது வருடம் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமைத்தவள் அவள். புளுகு கேட்டுக் கேட்டுப் பழகிய காது. ஆனால் அந்த ஜப்பான் கதையின் வால் ஒன்றை மட்டும் அவள் நாற்பத்துநான்கு வருடமாக முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். கலியாணப் பேச்சுக்காக அவளுடைய படத்தை அரியரத்தினத்தின் தாய் கப்பலுக்கு அனுப்பியிருந்தாள். அது ஒசாகாவில்தான் அவர் கைக்குக் கிடைத்ததாம். படத்தைக் கண்டதும், "இவள்தான்!" என்று தந்தி அடிக்கப் பறந்து ஓடினாராம். கந்தோர் பூட்டியிருந்ததாம். விடிய முதல் கப்பல் வெளிக்கிட்டுவிட்டதாம். "ஜப்பான் பொய்யெண்டாலும் பரவாயில்லை," என்பாள் ஞானாம்பிகை, சொந்தக்காரப் பெண்களிடம், "படத்தைக் கண்டவுடனை ஓம் எண்டது மெய்தானே. அது காணும் எனக்கு." சொல்லும்போது அறுபத்தாறு வயது முகத்தில் ஒரு வெட்கம் வரும்.

இப்போது அரியரத்தினம் வாரத்தில் மூன்று நாள் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறார். கூட நிற்பவள் பாசையூர் மாக்கிரட். அங்கேதான் இந்தக் கதை மாட்டுப்பட்டது.

நம்மவர்களுக்கு வெளிநாட்டில் ஒரு துணிச்சல் உண்டு. தமிழில் சொன்னால் ஒரு குருவிக்கும் விளங்காது என்ற துணிச்சல். மெத்ரோவில் எதிரே இருப்பவரின் தொப்பியையும் தொந்தியையும் அவர் முகத்தைப் பார்த்தபடியே அலசுவோம். அவர் "பொன்ஷூர்" என்றால் பல்லைக் காட்டி நாமும் "பொன்ஷூர்" என்போம். அரியரத்தினம் இந்தக் கலையில் கரைகண்டவர். சந்தைக்கு வரும் ஒருவரையும் அவர் வாய் விட்டுவைப்பதில்லை.

புரட்டாதி மாதம், சந்தை முழுக்கத் தக்காளியும் மிளகாயும் குவிந்து கிடக்கும் நாள். தாடி வளர்த்து, கறுப்புச் சட்டை போட்ட ஓர் இளைஞன் தக்காளிக் கூடைக்குமுன் நெடுநேரம் நின்றான்.

"பார் மாக்கிரட், உவன் அமத்திற அமத்தை. தக்காளி வாங்க வந்தவனோ, தக்காளிக்கு நாடி பாக்க வந்தவனோ? தாடியைப் பார், தும்புத்தடி மாதிரி."

"மெள்ளக் கதையுங்கோ அண்ணை, ஒரு நாளைக்கு வாங்கிக் கட்டப் போறியள்" என்றாள் மாக்கிரட்.

அந்த நேரம் பார்த்துக் காய்ந்த மிளகாய்க் கூடை ஒன்றை அரியரத்தினம் தூக்க, நெடி ஏறிவிட்டது. அவருடைய தும்மல் சும்மா தும்மல் அல்ல. ஏழு தும்மல் தொடர்ந்து வரும். பிறகு மூச்செடுத்து, "முருகா, இன்னும் எத்தினை?" என்று கேட்பார். பிறகு நாலு வரும். அவ்வளவுதான். சின்ன வயது முதல் அதில் ஒரு மாற்றமும் இல்லை.

பதினோராவது தும்மல் முடிந்து நிமிர்ந்தால், அந்த இளைஞன் கையிலிருந்த தக்காளியைக் கீழே போட்டுவிட்டு, பேயைக் கண்டவன்போல இவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அங்கிள்," என்றான், "நீங்க தமிழா?"

அரியரத்தினத்துக்குக் காது சிவந்துவிட்டது. "ஐயோ தம்பி, நான் உங்களைச் சொல்லேல்லை. பொதுவாத் தாடியைச் சொன்னனான்..."

"தாடியை விடுங்க அங்கிள். ப்ளீஸ், இன்னொரு தடவை தும்முங்க."

"தம்பிக்கு விசரோ?" என்று மாக்கிரட் கேட்டாள்.

"ஏழு தும்மல். 'முருகா இன்னும் எத்தினை.' அப்புறம் நாலு. இதை நான் ஆயிரம் வாட்டி கேட்டிருக்கேன்." பையன் கூடையைத் தாண்டிக் கிட்ட வந்தான். "அங்கிள், நீங்க எப்பவாச்சும் ஜப்பான் போயிருக்கீங்களா?"

நாற்பத்தைந்து வருடத்தில், தானாக வாயைத் திறந்து இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதன் அவன்தான். அரியரத்தினத்துக்குக் கண் கலங்கிப்போய்விட்டது. மிளகாய் நெடியென்று மாக்கிரட்டிடம் சொல்லிச் சமாளித்தார்.

பையனின் பெயர் அகிலன். கோயம்புத்தூர்க்காரன், கணினி வேலை, நோத்ர-டாம்-த-கிரேஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அயன் ஹெரன் என்றால் அவனுக்கு உயிர். அவன் பிறப்பதற்குப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பே கலைந்துபோன குழுவின்மேல் என்ன உயிரோ, அது அவன் பாடு. அவன் சொன்னதன் சாரம் இது: ஒசாகாக் கச்சேரிக்கு அடுத்த வாரமே பாடகருக்குத் தொண்டை போய்விட்டது, குழுவும் கலைந்தது. ஆகவே அதுதான் கடைசிக் கச்சேரி. மண்டபத்தில் இருந்த ஒரு ஜப்பான் ரசிகர், கோட்டுக்குள் சின்ன ரெக்கோடரை ஒளித்து வைத்துக் களவாகப் பதிந்த கசெற்தான் அதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி. உலகம் முழுக்க உள்ள ரசிகர்கள் அதைப் பிரதி எடுத்துப் பொன்னாய்ப் பொத்தி வைத்திருக்கிறார்கள். குறை ஒன்றே ஒன்றுதான். பதிந்தவருக்கு முன்வரிசையில் இருந்த யாரோ ஒரு நாசமாய்ப் போனவன், கச்சேரி முழுக்க வாய் மூடாமல் எதையோ கத்திக்கொண்டிருக்கிறான். நடுவில் பதினொரு தரம் தும்முகிறான்.

"உங்களுக்கு 'ஒசாகா மாங்க்'னு பேரு அங்கிள். ஒசாகா துறவி. தமிழ் மாதிரி இருக்குன்னு நான் சொன்னேன், யாரும் நம்பல. புத்த பிக்கு ஒருத்தர் சூத்திரம் ஓதறார்னு சுவீடன்ல ஒருத்தர் எட்டுப் பக்கம் எழுதியிருக்கார்."

"சூத்திரமோ? நான் ஏசிக்குப் போனனான் தம்பி" என்றார் துறவி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அகிலன் லாசாலுக்கு வந்தான். நகுலேஸ்வரனையும் கையோடு கூட்டிவந்து கதிரையில் இருத்தினார் அரியரத்தினம். பதிவு ஓடியது. மேளம் இடித்தது, சனம் கத்தியது, இடையில் தும்மல் வந்தது. ஞானாம்பிகை வாயில் கைவைத்து, "ஐயோ, இது இவரேதான்!" என்றாள்.

நகுலேஸ்வரன் அசையவில்லை. "தும்மலுக்குப் பாஸ்போட் இருக்கோ காணும்? பழனியிலை போய் நிண்டு பாரும், முருகா எண்டு தும்முறவன் ஆயிரம் பேர். மற்றக் கதை என்ன கதைக்கிறான் எண்டு ஒரு சொல்லும் விளங்கேல்லையே."

"விளங்கும் அங்கிள்," என்றான் அகிலன். "ஜெர்மனில ஒருத்தர் கம்ப்யூட்டர்ல பாட்டைத் தனியா, பேச்சைத் தனியா பிரிச்சுக்கிட்டிருக்கார். ரெண்டு வாரத்துல வந்துடும். குறிப்பா நாலாவது பாட்டு. மெதுவான பாட்டு அது. அதுல அங்கிள் ஆறு நிமிஷம் விடாம பேசறார். அதுல என்ன இருக்குன்னுதான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."

நகுலேஸ்வரன் எழுந்தார். "சரி. அதிலை ஜப்பான் எண்டு தெளிவாயிருந்தால், ஊர்ச்சங்க ஒன்றுகூடலிலை மைக்கைப் பிடிச்சு, அரியரத்தினம் ஜப்பானுக்குப் போனவர், நான்தான் மடையன் எண்டு சொல்லுறன். இல்லையெண்டால் நீர் மைக்கைப் பிடியும்."

"பிடிக்கிறன் காணும்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் அரியரத்தினம். வாழ்நாளில் அவ்வளவு சந்தோசமாக அவர் இருந்ததில்லை. அந்தச் சந்தோசம் முழுசாக ஒரு நிமிடம் நின்றது.

"அப்ப என்ரை படத்தைப் பற்றியும் கதைச்சிருப்பியள் என்ன?" என்றாள் ஞானாம்பிகை. "அண்டைக்குத்தானே படம் கிடைச்சது. ஓம் எண்டு நீங்கள் சொன்னதைக் காதாலையே கேக்கலாம்." அந்த வெட்கம் அவள் முகத்தில் வந்துவிட்டது.

அரியரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நாலாம் பாட்டு இப்போது முழுக்க ஞாபகத்துக்கு வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுவோம். படம் கிடைத்தது மெய். தந்தி அடிக்க ஓடினதும் மெய். கந்தோர் பூட்டியிருந்ததும் மெய். ஆனால் அவர் ஓடியது "வேண்டாம்" என்று அடிக்க. அடிக்க முடியாமல் கப்பல் வெளிக்கிட்டு, அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு கிழமை ஓடிவிட்டது. பிள்ளையிடமிருந்து மறுப்பு வரவில்லையென்றால் சம்மதம் என்பதுதானே நம் வீடுகளின் சட்டம்? தாய் கலியாண நாளே குறித்துவிட்டாள். மெதுவான பாட்டு என்றதும் இனியாவது கதை கேட்கும் என்று, அந்த ஆறு நிமிடமும் அருமைராசாவின் காதுக்குள் அவர் கத்தியது இதைத்தான்: "மூக்கைப் பாரடா! மூக்கு முதல் பஸ்ஸிலை வரும், ஆள் அடுத்த பஸ்ஸிலை வருவாள்! இந்த மூக்கோடை நான் எப்பிடியடா காலந்தள்ளுறது? கச்சேரி முடிஞ்ச கையோடை வேண்டாமெண்டு தந்தி அடிக்கிறன்!"

இருபத்திரண்டு வயதுக் கொழுப்பு. கலியாணமான மூன்றாம் மாதமே அந்த மூக்கு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்ற நிலை வந்துவிட்டது. அது வேறு கதை. ஆனால் கொழுப்பைக் கசெற்றில் பதிந்து வைத்துவிட்டானே பாவி! தமிழ் ஒருவருக்கும் விளங்காது என்ற அந்தத் துணிச்சல் நாற்பத்தைந்து வருடம் கழித்துக் கழுத்தைப் பிடித்தது. கசெற் ஓடினால் ஜப்பான் மெய்யாகும், படம் பொய்யாகும். ஓடாவிட்டால் படம் மெய்யாகவே இருக்கும், ஜப்பான் என்றென்றைக்கும் பொய். இரண்டில் ஒன்றுதான் அவருக்கு மிஞ்சும்.

அகிலனுக்குப் போன் எடுத்தார். "தம்பி, உந்த நாலாம் பாட்டை அழிக்க ஏலாதோ?"

"ஐயோ அங்கிள், அது பொக்கிஷம்! உலகம் பூரா காத்திருக்கு!"

வைத்துவிட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் நின்றார். ஜெர்மன்காரருக்கு ஒரு காய்ச்சல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பெரிதாக ஒன்றும் வேண்டாம், கம்ப்யூட்டர் பக்கம் போகாத அளவுக்கு ஒரு சின்னக் காய்ச்சல் போதும்.

வீட்டில் மனுசன் தலைகீழாக மாறிவிட்டார். கோப்பை கழுவினார். குப்பை கொண்டுபோய்ப் போட்டார். கத்தரிக்காய்க் குழம்பை ஆகா ஓகோ என்றார். "என்ன, டொக்டர் ஏதும் சொன்னவரோ?" என்று ஞானாம்பிகை பயந்துபோய்க் கேட்டாள். முதல் வாரம் அப்படிப் போனது. இரண்டாம் வாரம் அவள் ஒரு புதுப் பழக்கம் தொடங்கினாள். ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி குடிக்கும் நேரம், "அந்தப் படம் பாத்த கதையை ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்பாள். சொல்வார். திங்கட்கிழமை பத்து நிமிடம் சொன்ன கதை, வெள்ளிக்கிழமை, "பாத்தன், ஓடினன், பூட்டிக் கிடந்தது" என்ற அளவுக்குச் சுருங்கிப்போயிற்று. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெர்மன்காரருக்குக் காய்ச்சல் வரவில்லை. ஞாயிறு பின்னேரம் அகிலன் ஒரு பெரிய ஸ்பீக்கரோடு வந்து இறங்கினான். மாக்கிரட் கேக் கொண்டு வந்தாள். நகுலேஸ்வரன் கோயிலுக்குப் போகிறவர்போல வேட்டி சால்வையோடு வந்து முன்கதிரையில் அமர்ந்தார். ஞானாம்பிகை குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அகிலன் வயரைச் செருகினான்.

அரியரத்தினம் எழுந்து நின்றார்.

"ஒரு நிமிசம். போட வேண்டாம் தம்பி. நான் ஒண்டு சொல்ல வேணும்." தொண்டையைச் செருமினார். "நான் ஜப்பானுக்குப் போகேல்லை."

மாக்கிரட் கேக் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சும்மா பகிடிக்குத் தொடங்கினது. பேந்து விடேலாமல் போச்சு. நகுலேஸ் சொன்னதுதான் சரி. ஒசாகாவும் இல்லை, கொக்கும் இல்லை. மைக்கை நானே பிடிக்கிறன்."

"நான் அப்பவே சொன்னனான்!" என்று நகுலேஸ்வரன் துள்ளி எழுந்ததில் சால்வை கேக்கில் விழுந்தது. "திருகோணமலை! திருகோணமலையைத் தாண்டேல்லை எண்டு சொன்னனானோ இல்லையோ!"

"அங்கிள்!" என்றான் அகிலன், குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு. "அப்போ தும்மல்?"

"அது ஆரோ."

"குரல்?"

"அதுவும் ஆரோ, தம்பி."

வாழ்நாள் முழுக்கச் சுமந்த ஒரே ஓர் உண்மையைத் தன் வாயாலேயே பொய்யென்று சொல்லிவிட்டு, அரியரத்தினம் தொப்பென்று சோபாவில் இருந்தார். வயிறு எரிந்தது. நகுலேஸின் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிந்தது. இருந்தாலும், அவள் முகத்து வெட்கம் அவளிடமே இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஞானாம்பிகை தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

"தம்பி அகிலன், போடும்" என்றாள்.

"இஞ்சரும், வேண்டாம். நான்தான் போகேல்லை எண்டு சொல்லிப்போட்டனே..."

"நீங்கள் பேசாமல் இருங்கோ."

அகிலன் அமத்தினான். மேளம் தூரத்தில் எங்கேயோ இடிக்க, கண்ணாடி துடைத்ததுபோலத் தெளிவாக ஓர் இளந்தாரிக் குரல் அறை முழுக்க நிறைந்தது: "டேய் அருமைராசா, உந்த மயிர் வளத்தவன் ஏனடா உப்பிடிக் கத்துறான்? ஆரும் அடிச்சவங்களோ? ஒசாகாவுக்கு வந்து நான் செவிடாகப் போறன்." பிறகு ஏழு தும்மல், ஒரு முருகா, நாலு தும்மல். பிறகு: "இதை ஊரிலை போய்ச் சொன்னால் ஆரடா நம்புவினம்? முக்கியமா அந்தத் தபால் கந்தோர் நகுலேஸ் இருக்கிறானே, நாசமறுவான், அவன் சாகுமட்டும் நம்பமாட்டான்! முத்திரை எங்கை, முத்திரை எங்கை எண்டு கேப்பான்!"

நகுலேஸ்வரன் கேக் ஒட்டிய சால்வையோடு அப்படியே உறைந்துபோனார்.

அரியரத்தினம் அதைப் பார்த்து ரசிக்கும் நிலையில் இல்லை. மூன்றாம் பாட்டு முடிந்து சனம் கைதட்டியது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இனி மூக்கு வரும். பஸ் வரும். தந்தி வரும்.

வரவில்லை. படார் என்று வேகமான மேளம் ஒன்று தொடங்கியது. ஐந்தாம் பாட்டு. "நாலாவது ட்ராக் கொஞ்சம் பழுது அங்கிள்" என்றான் அகிலன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அதன்பிறகு நடந்தது கலியாணவீடுதான். நகுலேஸ்வரன் வந்து அரியரத்தினத்தின் இரண்டு கையையும் பிடித்தார். "அண்டைக்கே என்னை நினைச்சிருக்கிறீர் ஐசே, ஜப்பானிலை நிண்டும் என்னை நினைச்சிருக்கிறீர்" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. நாசமறுவான் என்றதெல்லாம் அவர் காதில் பாசமாகவே விழுந்திருக்கிறது. "பேந்து ஏன்காணும் போகேல்லை எண்டு சொன்னனீர்?" என்று கேட்டார். "உமக்கு மைக்கிலை பேசக் கூச்சமெண்டு தெரியும், அதுதான்" என்று அரியரத்தினம் வாயில் வந்ததைச் சொன்னார். மாக்கிரட் கேக்கில் சால்வை படாத பக்கமாய் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள்.

எல்லோரும் போனபின் அவர் குசினிக்குள் போனார். ஞானாம்பிகை கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாலாம் பாட்டு..." என்று இழுத்தார்.

"வெட்டச் சொன்னது நான்தான்" என்றாள், திரும்பாமல். "போன கிழமையே தம்பி கொண்டுவந்தவர், நீங்கள் சந்தைக்குப் போனாப் பிறகு. எங்கடை தமிழ் தனக்குப் பாதி விளங்கேல்லையாம். ஆன்ட்டி, ஒவ்வொரு சொல்லாச் சொல்லித் தாங்க எண்டார். கொப்பியிலை முழுக்க எழுதிக் குடுத்தனான்."

"முழுக்கவோ?"

"முழுக்க. மூக்கு, பஸ், தந்தி எல்லாம்."

அரியரத்தினம் குளிர்பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப உலகத்துக்கும் போகுதோ?"

"உலகத்துக்குப் போகட்டும். அவங்களுக்கு என்ன விளங்கவோ போகுது? நாலாம் பாட்டிலை நீங்கள் தேவாரம் சொல்லுறியள் எண்டு தம்பி எழுதிப் போட்டிட்டார்."

"இஞ்சரும்... நான் அப்ப ஒரு விசரன்..."

"முதல் தரம் கேக்கேக்கை அழுதனான்," என்றாள் ஞானாம்பிகை. "ரண்டாம் தரம் உங்களைக் கொல்லவேணும் போலை இருந்தது. அதுதான் கிழமை முழுக்கப் படக் கதை கேட்டுக் கேட்டு உங்களை அவிச்சனான். மூண்டாம் தரம் சிரிப்பு வந்திட்டுது. பஸ் கதை நல்லாத்தான் இருக்கு." கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு இப்போதுதான் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "நாப்பத்தைஞ்சு வருசம் ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்காத ஜப்பானை இண்டைக்கு எனக்காக விட்டிட்டியள். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ?"

அவர் ஈரக் கோப்பை ஒன்றை எடுத்து அப்படியே அடுக்கப் போனார்.

"சரி சரி, அந்தத் துவாயை எடுத்துக் கோப்பையளைத் துடையுங்கோ" என்றாள் அவள். "உங்கடை படமும் எங்கடை வீட்டுக்கு வந்ததுதானே. அதைப் பாத்திட்டு நான் சொன்னதை, நல்ல காலம், ஒரு ஜப்பான்காரனும் பதிஞ்சு வைக்கேல்லை."

அரியரத்தினத்தின் கை துவாயோடு நின்றுவிட்டது.

"என்ன சொன்னனீர்?"

அவள் விளக்கை அணைத்துவிட்டு முன்னறைக்குப் போய்விட்டாள். ஊர்ச்சங்க ஒன்றுகூடலில் நகுலேஸ்வரன் மைக்கைப் பிடித்து அழுதுகொண்டே உரையாற்றிய அன்றும், பக்கத்துக் கதிரையில் இருந்த ஞானாம்பிகையிடம் அரியரத்தினம் மெதுவாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் இன்னும் சொல்லவில்லை.